பச்சை விளக்குப் பள்ளிக்கூடம்

கள்ளிமேட்டுப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் முற்பகல் இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு மணி அடிப்பார்கள். அதற்குத் தண்ணீர் மணி என்று பெயர். அது அடித்ததும் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எழுந்து வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு வரிசையாகக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். எனக்கு வரவில்லை என்று எந்தப் பிள்ளையாவது முனகினால் இன்னொரு தம்ளர் கிடைக்கும். எட்டாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் இந்த உபசாரம் கிடையாது. அவர்கள் பள்ளிக் கழிப்பறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டை மண்டையைக் குடைந்து கண்டுபிடித்தவர் தலைமையாசிரியர் சென்னியப்பன். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இந்த மாதிரிக் காரியங்களைக் கூசாமல் செய்வார்கள். ஊரில் மற்ற வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளைத் தாராபுரத்துத் தனியார் பள்ளிக்கு வேனில் ஏற்றி அனுப்ப, இவர் மட்டும் ஒரே மகள் தன்யஸ்ரீயைத் தன் பள்ளியிலேயே சேர்த்து, பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்திருந்தார். பெண்ணும் முதல் மதிப்பெண் வாங்கி அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் மூக்கன். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். ஊர் வைத்த பெயர் மூக்கன். கழிப்பறையிலிருந்து வெளியே போகும் குழாயில் பொருத்தியிருந்த, டிபன் கேரியர் அளவிலான ஒரு கருவி. உள்ளே வரும் சிறுநீரை உடனுக்குடன் முகர்ந்து பார்த்து, அதில் புகையிலையின் நிக்கோட்டின் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். பள்ளி வாசலில் ஒரு விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். எல்லாம் சுத்தம் என்றால் பச்சை, கொஞ்சம் கலந்திருந்தால் மஞ்சள், நிறைய இருந்தால் சிவப்பு. ஊரே வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஜூன் மாதம் அதைப் பொருத்த வந்தவள் ஷாகிதா பர்வீன் என்ற இளம் பொறியாளர். புகையிலையை விற்பதே குற்றம் என்று சட்டம் வந்து பல வருடம் ஆகியும் பள்ளிப் பிள்ளைகளிடம் அது போகவில்லை என்பது அவளுடைய துறையின் கவலை. வினாத்தாள் கொடுத்துக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் இல்லை என்றே எழுதியது. மூச்சை ஊதச் சொன்னால், இப்போது யாரும் புகைப்பதில்லை, உதட்டுக்குள் பொட்டலம் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்துச் சோதித்தால் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அதனால்தான் இது என்று அவள் சந்தோஷமாக விளக்கினாள்.

"வாய் பொய் சொல்லும் சார், உடம்பு சொல்லாது. ஆனா யாரோடதுன்னு இதுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எந்தப் பிள்ளை பேரும் கெடாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரே விளக்கு, அவ்வளவுதான்."

சென்னியப்பனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பொருத்திய முதல் வாரத்தை விட்டுவிட்டுக் கல்வியாண்டு முழுதும் பச்சை எரிந்தால் அந்த ஊர் கேட்கும் ஒரு வசதியை அரசு செய்து தரும் என்று அவள் அடுத்துச் சொன்னது இன்னும் பிடித்தது. ஊரைக் கூட்டிக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் வேண்டியது பிளஸ் ஒன், பிளஸ் டூ. பத்தாவது முடித்த பையன்கள் இரண்டு பஸ் மாறித் தாராபுரம் போய்விடுவார்கள். பெண்களின் கழுத்தில் அந்த ஜூன் மாதமே பனியன் கம்பெனி அடையாள அட்டை ஏறிவிடும். தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கடினமான ஆங்கிலப் பாடங்களையெல்லாம் ஒப்பிக்க வைத்த பெண்கள், காலை நேரத்துக் கம்பெனி வேனிலிருந்து 'வணக்கமுங்க சார்' என்று கையாட்டுவதை அவர் வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தாங்கவில்லை.

முதல் வாரத்தில் விளக்கு மஞ்சளாக எரிந்தது. எரிந்ததும் அவருக்குத் தூக்கம் போயிற்று. எந்தப் பையன் என்று கண்டுபிடிக்க வழியில்லை, கண்டுபிடித்துத் திருத்த நேரமும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவி மயிலாத்தாளிடம் போய் உட்கார்ந்தார். மெஸ் நடத்தும் பெண்மணி, எதற்கும் அசரமாட்டார். பெரிய பிள்ளைகள் அந்தக் கழிப்பறையில் போனால்தானே தொல்லை, போகாவிட்டால் என்ன என்று ரசம் தாளித்துக்கொண்டே கேட்டார். அன்று சாயங்காலமே வீடுகள் பிரித்துக்கொடுக்கப்பட்டன. எட்டாம் வகுப்புக்கு மயிலாத்தாள் வீடு. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்களுக்குப் பால் சொசைட்டியின் பின்கட்டு. அந்த வகுப்புகளின் பெண்களுக்கு ரேஷன் கடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் அங்கன்வாடி. ஆனால் குழாயில் ஒன்றுமே ஓடாவிட்டால் மூக்கன் சந்தேகப்படும். அதற்காகத்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மணி.

அடுத்த வாரம் பச்சை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஊரில் கல்யாணம், காதுகுத்து எதில் இரண்டு பேர் சந்தித்தாலும் விளக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஐப்பசியில் ஷாகிதா வேறு மாநிலத்து அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாவட்டத்தின் பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் எப்படி இறங்கியிருக்கிறது என்று ஒரு வரைபடம் காட்டினாள். குழந்தைகள் பூங்காவின் சறுக்குமரம் போலக் கோடு வழுவழுவென்று கீழே வந்தது. அன்றைக்கு ஆறாம் வகுப்புக்குத் தண்ணீருக்குப் பதில் மோர். வந்த அதிகாரிகளில் ஒருவர் மூக்கன் இருந்த பெட்டிக்குச் சால்வை போர்த்தினார். சென்னியப்பனும் கை தட்டினார். கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனால் மனதுக்குள் பிளஸ் ஒன் வகுப்பறைக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கூச்சம் நிலைக்கவில்லை.

அவருடைய மனைவி மட்டும் ஒருநாள், தன்யாவின் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வருகிறது என்றார். அங்கன்வாடி தூரம், பெண் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சமாளித்துக்கொள்கிறார்கள், ஏப்ரல் வரைதானே என்று இவர் சமாதானம் சொன்னார்.

கார்த்திகை மாத மழை நாளொன்றில் சத்துணவு நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு லோகித் சாம்பார் சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். கண்ணில் தண்ணீர். சாப்பாட்டை வீணாக்குகிறான் என்று கோபமாக அருகே போன சென்னியப்பன், அவன் உதட்டைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கையை எடுக்கச் சொன்னார். கீழுதட்டின் உட்புறம் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக, ஓரத்தில் ரத்தம் கசிந்து கிடந்தது. அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பையனைப் பின்னால் ஏற்றினார்.

தாராபுரத்துப் பல் மருத்துவர் இப்போது இது புற்றுநோய் இல்லை என்றார். இப்படியே அரை வருடம் விட்டால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். புண்ணுக்கு மருந்து கொடுக்கலாம், பழக்கத்தை விட வைக்க வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், அதற்குத்தான் அரசாங்கம் பள்ளிகளுக்கு டாக்டரும் ஆலோசகரும் கொண்ட குழுவை அனுப்புகிறதே, உங்கள் பள்ளிக்கு வரவில்லையா என்று கேட்டார். வராது என்று சென்னியப்பனுக்குத் தெரியும். அந்தக் குழு சிவப்பு எரியும் பள்ளிகளுக்குத்தான் வரும்.

திரும்பும் வழியில் மழை வலுத்து, இருவரும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். இவர் திட்டவில்லை. திட்டாதது பையனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். தலையணை போலக் குட்டியாக இருப்பதால் பிள்ளைகள் அந்தப் பொட்டலத்தைத் தலகாணி என்று சொல்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தான். அது எங்கே கிடைக்கிறது என்று கேட்டார். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான்.

"நம்மூர்லதானுங்க சார். செவப்பு எரியற ஊர்லதான் போலீஸ் கடை கடையா சோதன போடறாங்க. பச்ச எரிஞ்சா யாருங்க சார் வர்றாங்க? அதனால மொத்தச் சரக்கும் இங்கதான் எறங்குது. அந்தூர்ப் பசங்களே நம்ம ஊருக்கு வந்துதான் வாங்கிட்டுப் போறாங்க."

சென்னியப்பன் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். விடப் பார்த்தாயா என்று கேட்டார். இரண்டு மூன்று தடவை விட்டுப் பார்த்ததாகவும், மறுநாளே கை நடுங்கி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்து, மறுபடி வைத்துக்கொண்டதாகவும் சொன்னான். பிறகு மழையைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது போல், "நம்ம பள்ளிக்கூடத்துலயும் ஒரு நாளைக்குச் செவப்பு எரிஞ்சா நல்லாருக்குமுங்க சார்" என்றான்.

"எத்தன பேருடா இருக்கீங்க?"

"சொன்னா நம்ப மாட்டீங்க சார். பொம்பளப் புள்ளைங்களும் இருக்காங்க. படிக்கறப்பத் தூக்கம் வராம இருக்குமுன்னு வெச்சுக்கறாங்க."

பேர் கேட்டார். அதை மட்டும் அவன் சொல்லவில்லை. இவரும் பெண் பிள்ளைகள் விஷயத்தை நம்பவில்லை. பையன் தன் தப்பைப் பங்கு போடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஷாகிதாவுக்குப் போன் போட்டார். கள்ளிமேட்டுப்புதூருக்குக் குழுவை ஓசைப்படாமல் ஒருமுறை அனுப்ப முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் கெட்டிக்காரி. கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் போகிறார்களா என்று நேராகக் கேட்டுவிட்டாள். இவர் தண்ணீர் மணியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"நாலஞ்சு பள்ளிக்கூடத்துல இப்படி இருக்கும்னு எனக்கே தோணுச்சு சார். கேக்க பயமா இருந்துச்சு. பச்சைப் பள்ளிக்கு டாக்டர் அனுப்ப சிஸ்டத்துல வழியே இல்ல. உங்க பள்ளியில நோயாளியே கிடையாதுன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு. ஒரே ஒரு தடவை சிவப்பு எரிஞ்சா போதும், அடுத்த திங்கட்கிழமை குழு வாசல்ல நிக்கும். அதோட எல்லாக் கடையிலயும் சோதனை."

"பிளஸ் டூ?"

"இந்த வருஷம் போயிடும் சார். அப்புறம் இந்தத் திட்டமே இருக்குமான்னு தெரியல."

மயிலாத்தாளிடம் சொன்னபோது அவர் சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அந்த ஒரு பையனை நாம் டவுனுக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்ப்போம், ஒரு பையனுக்காக ஊர்ப் பெண்களையெல்லாம் கம்பெனி வேனில் ஏற்றுவீர்களா என்றார். நியாயமான கேள்விதான். ஒரு பையன்தான் என்றால் சென்னியப்பனும் அப்படியே விட்டிருப்பார். ஒன்றா, பத்தா, ஐம்பதா என்று தெரியாததுதான் அவரை அரித்தது. தெரிந்துகொள்ள ஊரிலேயே ஒரு கருவி இருந்தது. அதன் மூக்கைப் பஞ்சு வைத்து அடைத்தவரே அவர்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டார். உன் வகுப்பில் யாராவது தலகாணி வைக்கிறார்களா சாமி, டாக்டர் குழுவை வரவழைக்கப் பார்க்கிறேன் என்றார். தன்யஸ்ரீ தோசையைப் பிட்டுக்கொண்டே, தனக்குத் தெரியாது என்றாள். பிறகு, குழு வந்தால் யார் யார் என்று வீட்டில் சொல்வார்களா என்று கேட்டாள். சொல்ல மாட்டார்கள், அது டாக்டருக்கும் பிள்ளைக்கும் இடையில்தான் என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். சக மாணவர்களுக்காகக் கவலைப்படுகிறாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் அவர் பிள்ளைகளைக் கலையச் சொல்லவில்லை. மைதானத்தின் ஓரத்திலிருந்த கழிப்பறைக்கு நடந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இன்றைக்குத் தண்ணீர் மணி கிடையாது, சின்னப் பிள்ளைகள் உட்காரட்டும், எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒவ்வொருவராக உள்ளே போய் வாருங்கள் என்றார்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. தலைமையாசிரியர் சோதனை வைக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அரை வருடமாக ஊரே சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடத்தில் தோற்க யாருக்கும் மனமில்லை. எங்களுக்கு வரவில்லை சார் என்று எட்டாம் வகுப்பு ஒரே குரலில் சொன்னது. வந்தாலும் வராவிட்டாலும் போங்கள் என்று இவர் கத்தினார். உடற்கல்வி ஆசிரியர் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினார். பள்ளிக்கூடம் தோன்றிய காலம்தொட்டு எந்தத் தலைமையாசிரியரும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு வரம் கேட்டிருக்க மாட்டார்.

சென்னியப்பன் குரலை இறக்கினார்.

"இத பாருங்க கண்ணுகளா. டாக்டரு நம்ம ஊருக்கு வரணுமின்னா இது ஒண்ணுதான் வழி. பிளஸ் டூ போனா போகட்டும், அத நான் வேற வழியில வாங்கித் தாரேன். உங்கள்ல யாருக்கு ஒதவி வேணுமோ எனக்குத் தெரியாது. நாந்தான் தெரிஞ்சுக்காம மூடி வெச்சுட்டேன். தப்பு என்னோடது. போங்க சாமி."

அப்போதும் யாரும் நகரவில்லை. லோகித் தலையைக் குனிந்தபடி நின்றான். அவனே போகாதது இவருக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது. கூட்டத்தோடு போனால்தான் விளக்கு யாரையும் காட்டாது. இப்போது முதலில் போகிறவன் தனியாகப் போகிறான்.

பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து தன்யஸ்ரீ வெளியே வந்தாள். மைதானத்தின் குறுக்கே நிதானமாக நடந்து, அவரைப் பார்க்காமல் கடந்து உள்ளே போனாள். சென்னியப்பனுக்கு மார்பு விம்மியது. மற்றவர்களின் கூச்சம் போகட்டும் என்று என் மகள் முதலில் போகிறாள், இதைப் பார்த்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள் என்று நினைத்தார். உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்துக் கண்ணால் சிரிக்கக்கூடச் செய்தார். அவள் வெளியே வந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, வரிசைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றாள். அடுத்து யார், அடுத்து யார் என்று இவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை கையை நீட்டி வாசலைக் காட்டியது.

விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் முதலில் கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தார். காலையிலிருந்து உள்ளே போனது ஒரே ஒரு ஆள். அதை அவர் இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். விடியும் வரை எரிந்த அவளுடைய படிப்பு விளக்கும், பசிக்கவில்லை என்று பாதியில் எழுந்துபோன சாப்பாடும் வரிசையாக வந்து நின்றன. மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"டாக்டரு திங்கக்கெழம வந்துருவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வந்துருவாங்க சாமி."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடமே பார்க்கிறது என்று தெரிந்தும் அதை அவரால் அடக்க முடியவில்லை. அவளை அறையவும் தோன்றியது, அள்ளி அணைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அவள் தலையில் கையை வைத்தார். அதற்குள் ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து லோகித் கிளம்பியிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். பத்தாம் வகுப்பின் முன்வரிசைப் பெண்கள் நான்கைந்து பேர் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் எண்ண முடியவில்லை.

தான் கதவை மறைத்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் சென்னியப்பன் கவனித்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து, அவர்களுக்கு வழி விட்டார்.